வாராதார் மீது வழங்கிய தீர்ப்பு



இரு பக்கத்தாரையும் கேட்ட பின்னரே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது நீதிமுறையின் முதற் பாடம். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை மாத்திரம் கேட்டான். கோவலனை அழைத்து ஒரு வார்த்தை வினவினானில்லை. அதன் பயன் என்னவாயிற்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் நமது மாவட்ட நீதிமன்றங்களிலும், கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றத்திலும், ஒரு பக்கத்தாரை மாத்திரம் கேட்டுத் தீர்ப்பு வழங்குவது அடிக்கடி நடைபெறும் காரியமே. சட்டம் அதை அனுமதிக்கின்றது, அனுமதிக்கவும் வேண்டும். ஏன் வேண்டும் என்பதை முதலிற் சொல்லி, அவ்வாறு வழங்கிய தீர்ப்பை எப்பொழுது நீக்கிவிட வேண்டும் என்னும் வினாவைப் பின்னர் எடுத்துக்கொள்வேன். வியாபார வழக்குகளையே உதாரணமாகக் கொள்கிறேன். இந்த வினா அங்கேதான் மிகுதியாக எழுகின்றது.

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். பதுளையிலுள்ள சில்லறைக் கடை ஒன்றுக்கு அவர் ஆண்டுக்கணக்காகப் பருப்பும் சீனியும் மாவும் கடனுக்கு அனுப்பி வருகிறார். கணக்கு இடைக்கிடை தீரும்; மீண்டும் ஏறும். ஒரு காலத்தில் பாக்கி 8 இலட்சம் ரூபாவில் வந்து நின்றுவிடுகிறது. கடிதத்துக்குப் பதிலில்லை. தொலைபேசியில் அழைத்தால் முதலாளி வெளியே போயிருக்கிறார் என்று கடைப் பையன் சொல்கிறான். சட்டத்தரணி மூலம் அனுப்பிய கோரிக்கைக் கடிதமும் பயன் தரவில்லை. ஈற்றில் வழக்குப் போடுகிறார். நீதிமன்றம் அழைப்பாணை அனுப்புகிறது. தவணை நாளில் வழக்கைக் கூப்பிடுகிறார்கள், பதுளைக்காரரைக் காணோம்.

இந்நிலையில், அவர் வரும்வரை வழக்கு நிற்கட்டும் என்று நீதிமன்றம் சொல்லுமானால், கடன்பட்டவன் எவனும் நீதிமன்றப் படியை மிதிக்கமாட்டான். வராமலிருப்பதே தலைசிறந்த எதிர்வாதம் ஆகிவிடும். கடன் கொடுத்தவரோ தமக்குச் சரக்கு இறக்கித் தந்தவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவருக்குப் பின்னால் வங்கி நிற்கிறது. வியாபாரத்திலே ஒரு கையிற் பணம் முடங்கினால் அந்த முடக்கம் ஒரு கையோடு நிற்பதில்லை. ஆதலால், வராதவரை விட்டு வழக்கு நடக்கத்தான் வேண்டும்.

இந்நாட்டிலே அதற்கு ஆதாரமாக இருப்பது 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை. பலமுறை திருத்தப்பட்டு இன்றும் வழங்கிவரும் அக்கோவையின் 84ஆம் பிரிவு தொடக்கம் 88ஆம் பிரிவு வரையுள்ள பகுதியே நமது பேச்சுக்குப் பொருள். எதிராளி குறித்த நாளில் மறுமொழியைத் தாக்கல் செய்யத் தவறினாலும், விசாரணைத் தவணைக்கு வரத் தவறினாலும், அழைப்பாணை முறைப்படி அவருக்குச் சேர்ப்பிக்கப்பட்டது என்று நீதிமன்றம் திருப்தியடைந்தால், வழக்கு ஒருதலைப்பட்சமாக விசாரிக்கப்படும்.

விசாரிக்கப்படும் என்ற சொல்லை நேயர்கள் சற்றே மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். எதிராளி வரவில்லை என்பதனால் வழக்காளி கேட்டதெல்லாம் அவர் மடியில் வந்து விழுந்துவிடாது. அவர் வாய்மொழியாகவோ சத்தியக் கடதாசி மூலமாகவோ சாட்சியம் அளித்தல் வேண்டும். அச்சாட்சியத்தினால் நீதிபதி திருப்தியடைந்தாற்றான் தீர்ப்பு. தீர்ப்பாணையின் பிரதி ஒன்று, அழைப்பாணை எவ்வாறு சேர்ப்பிக்கப்படுமோ அவ்வாறே, எதிராளிக்குச் சேர்ப்பிக்கப்படும். அது சேர்ந்த 14 நாள்களுக்குள் எதிராளி மனுவும் சத்தியக் கடதாசியும் தாக்கல் செய்து, வழக்காளிக்கும் அறிவித்தல் கொடுத்து, தாம் தவறியதற்கு நியாயமான காரணம் உண்டு என்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தினால், தீர்ப்பு நீக்கப்படும். தவறு நேர்ந்த கட்டத்திலிருந்து அவர் தமது எதிர்வாதத்தைத் தொடரலாம். 86ஆம் பிரிவு கூறுவதன் சாரம் இது.

முற்காலத்தில் இடையே இன்னொரு படி இருந்தது. பழைய வழக்கேடுகளைப் புரட்டினால் ‘டிக்கிரி நைசை’ என்று ஒன்றைக் காணலாம். அது முடிந்த தீர்ப்பாணையன்று, நிபந்தனைத் தீர்ப்பாணை. குறித்த காலத்துக்குள் வந்து காரணம் காட்டாவிட்டால் இது உறுதியாகிவிடும் என்று எதிராளிக்கு முன்கூட்டியே விடுக்கும் எச்சரிக்கை போன்றது. 1970களிலே நிகழ்ந்த சட்ட மாற்றங்களில் அந்தப் படி பொதுவான வழக்குகளிலிருந்து மறைந்துபோயிற்று.

இனி, இத்தகைய தீர்ப்பின் இயல்பு யாது என்று பார்ப்போம். அதற்குத் தெளிவான விடை இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை 1937ஆம் ஆண்டிலே தீர்த்த எவன்ஸ் எதிர் பாட்லம் என்னும் வழக்கிற் கிடைக்கிறது. பந்தயப் பணம் ஏற்கும் தொழில் நடத்திய ஒருவர், தம்மிடம் பந்தயம் கட்டித் தோற்ற வாடிக்கைக்காரர் மீது பாக்கிப் பணத்துக்கு வழக்குப் போட்டார். வாடிக்கைக்காரர் வரவில்லை, அவருக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. அதன் பின்னர் அவர் பணம் கட்டத் தவணையும் கேட்டார். சூதாட்டக் கடனைச் சட்டத்தின் துணைகொண்டு அறவிட முடியாது என்பது ஒரு புறமிருக்க, தீர்ப்பை நீக்கும்படி கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்பதே அப்பொழுது அவருக்குத் தெரியாது. தெரிந்ததும் விண்ணப்பித்தார். தவணை கேட்ட பொழுதே நீர் தீர்ப்பை ஏற்றுக்கொண்டுவிட்டீர், சட்டம் எல்லாருக்கும் தெரிந்ததென்றே கொள்ளப்படும் என்று எதிர்ப்பக்கத்தார் வாதித்தனர்.

அற்கின் பிரபு அதை ஏற்கவில்லை. சட்டம் தெரியாது என்பது தவறு செய்தவனுக்குச் சமாதானமாகாது என்பது உண்மை. ஆனால் சட்டம் எல்லாருக்கும் தெரியும் என்று கொள்ளும் விதி எக்காலத்திலும் இருந்ததில்லை என்றார். அதற்கும் மேலாக அவர் சொன்ன கருத்து ஒன்று உண்டு. வழக்கின் உண்மையை ஆராய்ந்தோ, இரு பக்கத்தாரின் சம்மதத்தின் பேரிலோ தீர்ப்பு வழங்கப்படாத வரையில், நடைமுறை விதி ஒன்றைத் தவறவிட்டதனால் மாத்திரம் ஒருவர் மீது பாய்ந்த அதிகாரத்தை நீதிமன்றம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதே அது. பந்தயக்காரனுக்காக இவ்வளவு பெரிய சட்டமா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். சட்டத்தின் நல்ல கோட்பாடுகள் பல இத்தகையோர் புண்ணியத்திலே பிறந்தவைதாம்.

இக்கோட்பாட்டைக் கொண்ட இங்கிலாந்து, தீர்ப்பை நீக்கும்படி வருபவரிடம் முதலிற் கேட்கும் கேள்வி, ‘நீர் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்?’ என்பது. 1999ஆம் ஆண்டிலிருந்து வழங்கும் அந்நாட்டு விதிகளின்படி, வழக்கை எதிர்த்து வெல்லும் உண்மையான வாய்ப்பு எதிராளிக்கு உண்டா, அல்லது வேறு தக்க காரணம் உண்டா என்பது பார்க்கப்படும். தாமதியாமல் வந்தாரா என்பதும் கவனிக்கப்படும். தீர்ப்பே முறை தவறிப் பெறப்பட்டதாயின் இவை ஒன்றும் வேண்டியதில்லை. அது நீக்கப்பட்டேயாக வேண்டும்.

சூழ்ச்சியாக மௌனம் சாதித்தவருக்கு அங்கே இரக்கம் இல்லை. ‘சவூதி ஈகிள்’ என்ற கப்பலின் பெயரால் அறியப்படும் 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பில், சொத்தில்லாத கம்பனிக்கு எதிராகத் தீர்ப்புப் பெற்றும் என்ன பயன் என்று கணக்குப் போட்டு, வேண்டுமென்றே வராமலிருந்தவர்கள், கணக்குப் பிழைத்த பின்னர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். கதவு திறக்கவில்லை. வாதத்துக்கு ஏதோ உண்டு என்றாற் போதாது, நம்பத்தக்க எதிர்வாதமாக இருத்தல் வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று.

நமது சட்டமோ வேறொரு கேள்வி கேட்கின்றது. ‘நீர் ஏன் வரவில்லை?’ என்பதே 86ஆம் பிரிவின் கேள்வி. எதிர்வாதம் வலியதா மெலியதா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. தவறியதற்கு நியாயமான காரணம் உண்டா என்று மாத்திரமே கேட்கின்றது.

இந்த வேறுபாட்டின் விளைவை நமது பதுளைக் கடைக்காரரை வைத்தே பார்க்கலாம். அவர் 8 இலட்சத்தில் 5 இலட்சத்தை ஏற்கெனவே காசோலையாற் கட்டிவிட்டவர். வங்கிக் கணக்கில் அதற்கு அத்தாட்சியும் உண்டு. ஆனால் அழைப்பாணையை மேசை இழுப்பறையிற் போட்டு மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு எதிர்வாதம் உண்டு, காரணம் இல்லை. தீர்ப்பு நிற்கும். அவருக்குப் பக்கத்துக் கடைக்காரரோ முழுத் தொகையும் கொடுக்க வேண்டியவர். ஒரு சதமும் கட்டாதவர். ஆனால் தவணை நாளில் மெய்யாகவே வைத்தியசாலையிற் கிடந்தார். அவருக்குக் காரணம் உண்டு, எதிர்வாதம் இல்லை. தீர்ப்பு நீங்கும், வழக்கு இன்னும் சில ஆண்டுகள் இழுபடும்.

இது தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. இரண்டு நாடுகளும் ஒரே காவலைத்தான் வைத்திருக்கின்றன. வைத்த இடந்தான் வேறு. இங்கிலாந்தில், நிச்சயமான ஒரு தொகையைக் கோரும் வழக்காயின், எதிராளி பேசாதிருந்தால் சாட்சியம் எதுவும் கேளாமல், கோரிக்கைப் பத்திரத்தின் மேலேயே தீர்ப்புப் பதிவாகிவிடும். வழக்கின் உண்மையை எவரும் தொட்டுப் பார்த்ததில்லை. ஆதலால் நீக்கக் கேட்கும் பொழுது அந்த உண்மையைத் தொட வேண்டியிருக்கிறது. நமது நாட்டிலே அது முன்னதாகவே நடந்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். ஒருதலைப்பட்ச விசாரணையிலேயே நீதிபதி சாட்சியத்தைக் கேட்டு, கணக்கைப் பார்த்து, இவ்வளவு வரவேண்டியது உண்மை என்று திருப்தியடைந்திருக்க வேண்டும். அந்தக் காவல் விழித்திருந்தால், பின்னர் ‘ஏன் வரவில்லை?’ என்று மாத்திரம் கேட்பது போதும். அந்தக் காவல் உறங்கிவிட்டாலோ, நமக்கு அந்தக் காவலும் இல்லை, இங்கிலாந்தின் காவலும் இல்லை.

இதனாலேயே 1995ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க எதிர் டைம்ஸ் ஒவ் சிலோன் கம்பனி வழக்குத் தீர்ப்பை, ஒருதலைப்பட்ச விசாரணை பற்றிய பேச்சிலே முதலிடத்தில் வைக்க வேண்டும் என்று கருதுகிறேன். செய்தித்தாள் நிறுவனம் எதிராளியாக இருந்த அவ்வழக்கில் உயர் நீதிமன்றம் ஐயத்துக்கிடமின்றிச் சொல்லியது: எதிராளி இல்லாத விசாரணையிலும் நீதிபதி சட்டப்படியே நடத்தல் வேண்டும்; கேட்ட பரிகாரம் நிகழ்ச்சிகளின்படியும் சட்டத்தின்படியும் உரியதுதானா என்று உறுதிசெய்தல் வேண்டும்; உரியதன்று எனில் வழக்கைத் தள்ளிவிட வேண்டும். எதிராளி இல்லாத நாற்காலிக்காகவும் நீதிபதி ஒரு கண் வைத்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

நடைமுறையில் இதற்கு அதிக நேரம் வேண்டியதில்லை. வழக்காளியின் பேரேட்டில் வரவுப் பக்கத்தைத் திருப்பச் சொல்லலாம். சரக்கு ஒப்புக்கொண்டதற்குக் கைச்சாத்து உண்டா, வட்டி எந்த உடன்பாட்டின்படி கணக்கிடப்பட்டது என்று கேட்கலாம். அரை மணி நேரத்துக் காரியம். அந்த அரை மணி நேரம் செலவழிக்கப்பட்டிருந்தால், 5 இலட்சம் கட்டிய கடைக்காரர் வராதபோதும் 8 இலட்சத்துக்குத் தீர்ப்பு வந்திருக்காது.

ஆயினும் நீதிபதி எவ்வளவு விழிப்பாயிருந்தாலும் வராதவருக்காகச் செய்ய முடியாதவையும் உண்டு. காலாவதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, விற்று ஒப்படைத்த சரக்கின் விலைக்கோ கடைக் கணக்குப் பாக்கிக்கோ கடன் கொடுபடவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். எழுத்து மூலமான வாக்குறுதி இருந்தால் 6 ஆண்டு. ஓராண்டு கடந்துவிட்டது என்பது வலிய எதிர்வாதம். ஆனால் எதிராளி தாமே அதை எடுத்துச் சொல்லாவிட்டால் நீதிமன்றம் தானாக அதைக் கவனிக்கமாட்டாது. வராதவர் இழப்பது பேசும் வாய்ப்பை மாத்திரமன்று.

இனிக் காரணங்களுக்கு வருவோம். அவற்றுள் ஒன்று மற்றெல்லாவற்றினின்றும் வேறுபட்டது: அழைப்பாணை வந்து சேரவேயில்லை என்பது. இதனைக் ‘காரணம்’ என்று சொல்வதே பொருந்தாது. அழைக்கப்படாதவர் தவறினார் என்று எவ்வாறு சொல்வது? 1981ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளிற் காணப்படும் தீர்ப்பொன்றில் நீதியரசர் சர்வானந்தா, அழைப்பாணை சேர்ப்பிக்கப்படாமை நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்தின் வேரையே அறுத்துவிடும் என்றும், அவ்வாறு வழங்கிய தீர்ப்பு வெற்றுத் தீர்ப்பே என்றும் விளக்கினார். இங்கே நீதிமன்றம் கருணை காட்டுவதாக எண்ணவேண்டியதில்லை. தனது பிழையைத் தானே திருத்திக்கொள்கின்றது. அத்தகைய தீர்ப்பை நீக்குவதற்கு நீதிமன்றத்துக்கு இயல்பாகவே அதிகாரம் உண்டு. முதலில் அந்த நீதிமன்றத்திடமே போக வேண்டும் என்பதும் 1905ஆம் ஆண்டு தொடக்கம் நமது தீர்ப்புகளில் நிலைபெற்ற வழக்கம். அவ்வாண்டில் அதைச் சொன்ன வழக்கும் செட்டியார் ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கே.

சேர்ந்ததா சேரவில்லையா என்பதை எவ்வாறு அறிவது? அழைப்பாணை முதலிற் பதிவுத் தபாலிற் போகும். அது கைகூடாவிட்டால் பிஸ்கால் உத்தியோகத்தர் நேரிற் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆளைக் காண முடியாவிட்டால் நீதிமன்றத்தின் கட்டளைப்படி வீட்டிலே ஒட்டிவிட்டு வருவதும் உண்டு. கொடுத்தேன் என்று உத்தியோகத்தர் தரும் அறிக்கை முதற் பார்வையில் உண்மையாகவே கொள்ளப்படும். ஆகையால் ‘எனக்குக் கிடைக்கவில்லை’ என்பவரே முதலிற் கூண்டேறி அதைச் சொல்ல வேண்டும். அவர் நம்பும்படி சொல்லிவிட்டால் சுமை மறுபக்கம் மாறும். வழக்காளி அந்த உத்தியோகத்தரை அழைத்து, யாரிடம், எந்த வாசலில், எப்பொழுது கொடுத்தார் என்று காட்ட வேண்டியிருக்கும்.

இவ்விடத்தில் நீதிமன்றங்கள் காகிதத்தை நம்புவதிற் சற்றே தயக்கம் காட்டுவது நல்லது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்த பின்னர், பூட்டிய வீட்டுக் கதவில் ஒட்டிய தாள் யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்? தாள் ஒட்டியது உண்மை. அறிவித்தல் கிடைத்தது பொய். வியாபாரக் காரியத்திலும் இதற்கு இணையானவை உண்டு. கூட்டு வியாபாரம் கலைந்த பின்னர் பழைய கடை முகவரிக்கு அனுப்புவார்கள். வேறொருவர் வாடகைக்கு இருக்கும் கிட்டங்கியில் காவற்காரன் கையெழுத்திட்டு வாங்குவான். எதிராளியின் புதிய முகவரி வழக்காளிக்குத் தெரிந்திருந்தும் பழைய முகவரியைக் கொடுத்தார் என்று வெளிப்பட்டால், நீதிமன்றம் ஒரு கணமும் தயங்க வேண்டியதில்லை.

அழைப்பாணை கிடைத்தும் வரமுடியாமற் போனவர் வேறு வகை. நோய், வெள்ளம், வீட்டிற் சாவு ஆகியவை எவருக்கும் விளங்கும். வைத்தியச் சான்றிதழ் ஒன்றை இணைத்துவிட்டால் போதும் என்று மாத்திரம் எண்ணலாகாது. அன்று நீதிமன்றம் வர இயலாதிருந்தது என்பது அதிலிருந்து விளங்க வேண்டும். கடையைத் திறந்து வியாபாரம் நடத்திய நாளுக்கும் சான்றிதழ் கொண்டுவந்தவர்களை நீதிபதிகள் நிறையவே கண்டிருக்கிறார்கள்.

சட்டத்தரணி திகதியைப் பிழையாகக் குறித்துக்கொண்டார் என்பதும் அடிக்கடி கேட்கும் காரணம். இதிலே உயர் நீதிமன்றம் நுட்பமான ஒரு கோடு கிழித்திருக்கிறது. 1991ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் உள்ள தீர்ப்பொன்றில், சட்டத்தரணியின் வெறும் பிழை பொதுவாக மன்னிக்கத்தக்கது, அசட்டை அவ்வாறன்று, அதிலும் தொடர்ந்த அசட்டை மன்னிக்கத்தக்கதன்று என்று வேறுபடுத்தியது. 12ஆந் திகதியை 21 என்று எழுதிக்கொண்டது பிழை. மூன்று தவணைகளிலும் எவரும் எட்டிப் பாராதது அசட்டை. கட்சிக்காரர் தம் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார் என்று வாளாவிருந்ததும் சேர்த்தே எடைபோடப்படும். இது சில வேளைகளிற் கடுமையாகத் தோன்றும். ஆனால் மற்றவர் சட்டத்தரணியின் அசட்டைக்கு வழக்காளி ஏன் விலை கொடுக்க வேண்டும் என்ற கேள்வியும் இருக்கிறதே.

காலக்கெடுவைப் பற்றி ஐயமே வேண்டாம். பியர் வடிக்கும் கம்பனி ஒன்றுக்கும் மருதானை மதுக்கடை ஒன்றின் உரிமையாளருக்கும் இடையே எழுந்து, 2001ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற வழக்கில், 14 நாள் என்பது நீதிமன்றம் விரும்பினால் நீட்டிக் கொடுக்கக்கூடிய சலுகையன்று, அதிகாரம் பிறப்பதற்கே அது நிபந்தனை என்று உயர் நீதிமன்றம் கூறியது. நாள் கடந்து வந்தவரின் காரணம் எவ்வளவு நல்லதாயினும் நீதிமன்றம் அதைக் கேட்க முடியாது. கொவிட் நோய்க் காலத்தில் நாடு முடங்கிக் கிடந்தபோது, சட்டம் குறித்த காலத்துக்குள் காரியம் செய்ய இயலாதவர்களுக்கு நிவாரணம் அளிக்க 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் தனியே இயற்றவேண்டியிருந்தது. சட்டம் குறித்த காலவரையறைகள் எவ்வளவு இறுக்கமானவை என்பதற்கு அது ஒன்றே போதும்.

இந்தக் கடுமை எனக்கு உடன்பாடானதே. நாள்கள் எண்ணப்படுவது தீர்ப்பு வழங்கிய நாளிலிருந்தன்று, தீர்ப்பாணை கையிற் சேர்ந்த நாளிலிருந்து. அழைப்பாணை தவறியிருக்கலாம், தீர்ப்பாணையும் கிடைத்துவிட்ட பின்னர் எதிராளிக்கு இரண்டு வாரம் போதும். ஆனால் அது மெய்யாகவே சேர்ந்திருக்க வேண்டும். சேராத தீர்ப்பாணைக்கு 14 நாள் ஓடத் தொடங்குவதில்லை.

இனி, காரணம் உண்டு, எதிர்வாதம் இல்லை என்று முன்னர்ச் சொன்ன அந்தப் பக்கத்துக் கடைக்காரரை என்ன செய்வது? வைத்தியசாலையிற் கிடந்தவரின் தீர்ப்பை நீக்காமலிருக்க முடியாது. ஆயினும் நீக்கும் பொழுது செலவு பற்றியும் பிற பற்றியும் தக்க நிபந்தனைகள் விதிக்கலாம் என்று 86ஆம் பிரிவு சொல்லுகின்றது. ‘பிற’ என்னும் அச்சொல்லைப் பெரும்பாலும் எவரும் பயன்படுத்திக்கொள்வதில்லை. ஒரு தவணைச் செலவைக் கட்டு என்பதோடு காரியம் முடிந்துவிடுகிறது. வியாபார வழக்கிலே அதற்கு மேலும் போகலாம் என்பது என் கருத்து. தாமே ஒப்புக்கொள்ளும் தொகையை நீதிமன்றத்திலே கட்டிவிடட்டும். மறுமொழியை இந்த நாளுக்குள் தாக்கல் செய்யட்டும். எதிர்வாதம் உள்ளவருக்கு இவை பாரமல்ல. காலங்கடத்த மாத்திரம் வந்தவருக்கு இவை கசக்கும். வழக்காளிக்கும் தம் பணத்தில் ஒரு பகுதியேனும் பாதுகாப்பாக இருக்கிறது என்ற ஆறுதல் கிடைக்கும். இல்லாவிடில், வழக்கு முடியுமுன்னரே எதிராளி கடையை மைத்துனர் பெயருக்கு மாற்றிவிட்டு நிற்கும் காட்சியையே அவர் காண நேரிடும்.

வங்கிகளின் கடன் விஷயத்தில் சட்டம் ஏற்கெனவே இவ்வழியிற் சென்றிருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டப்படி, முதலிலேயே நிபந்தனைத் தீர்ப்பாணை பிறக்கும். எதிர்த்து நிற்க விரும்புபவர் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். பணத்தைக் கட்டியோ, பிணை கொடுத்தோ, விசாரிக்கத்தக்க வினா உண்டு என்று காட்டியோ தான் அதைப் பெறலாம். மறைந்துபோன பழைய ‘டிக்கிரி நைசை’ வங்கிகளுக்காக மறுபிறவி எடுத்திருக்கிறது எனலாம். சாதாரண வியாபாரிக்கு அந்த வசதி இல்லை.

ஒருதலைப்பட்சத் தீர்ப்புக்கு எதிராக நேரே மேன்முறையீடு செய்ய முடியாது என்று 88ஆம் பிரிவு விதிக்கின்றது. முதலில் தீர்ப்பு வழங்கிய நீதிமன்றத்துக்கே வர வேண்டும். அங்கே நீக்கினாலும் மறுத்தாலும், நீதிபதி நிகழ்ச்சிகளை ஆராய்ந்து காரணங்களை எழுதித் தர வேண்டும். அந்தக் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு உண்டு. காரணம் எழுதாத கட்டளை மேலே போய் நிற்பதில்லை.

வழக்கு நீதிமன்றத்துக்கு வருமுன்னரே வியாபாரிகள் செய்துகொள்ளக்கூடிய காரியம் ஒன்றையும் குறிப்பிடுகிறேன். கம்பனியாகப் பதிவு செய்யப்பட்ட வியாபாரத்துக்கு அழைப்பாணை அதன் பதிவு செய்யப்பட்ட அலுவலகத்துக்கே போகும். நமது சிறு கம்பனிகள் பல, தொடங்கிய காலத்தில் கணக்காளர் ஒருவரின் முகவரியையோ பழைய வாடகைக் கட்டடத்தின் முகவரியையோ பதிவேட்டிற் கொடுத்துவிட்டுப் பின்னர் அதை மாற்றுவதில்லை. கடை இருப்பது ஓரிடம், பதிவேட்டில் உள்ளது வேறிடம். அங்கே சேர்ந்த கடிதம் கம்பனிக்குச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். பதிவேட்டைத் திருத்தாதவர் கிடைக்கவில்லை என்று சொல்லி நீதிமன்றத்தின் இரக்கத்தைப் பெறுவது கடினம். முகவரி மாறியதும் கம்பனிப் பதிவாளருக்கு உரிய பத்திரத்தை அனுப்பி, அதன் பிரதி ஒன்றைக் கடையிலும் வைத்துக்கொள்ள வேண்டும்.